கீழே ஆள் இல்லை

அணைக்கரையின் அடியில், தண்ணீர்க் குழாய் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில், விரல் கனத்துக்கு ஒரு கசிவு உண்டு. கட்டிய நாளிலிருந்தே உண்டு. மண் அணை என்றால் கசியத்தான் செய்யும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிற வரைக்கும் பயமில்லை. கலங்கி வந்தால் மட்டும், உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அதனால் எலுமிச்சைக்காரர் தினமும் காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

மழை பிடித்த நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு அவர் தூக்கிப் பார்த்த டம்ளரில் இருந்ததே காப்பி நிறம்தான். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். அதே நிறம். மூன்றாவது தடவையும் பிடித்தார், ஏதோ தண்ணீர் அதற்குள் மனசு மாறிவிடப்போகிறது மாதிரி.

இந்த அணை அவருக்கே சொந்தம். அப்பா ஒரு வாடகை புல்டோசரை வைத்துக்கொண்டு இரண்டு கோடையில் கட்டியது. இருபத்தைந்து அடி உயரம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருநூற்றைம்பது தப்படி. இதன் தண்ணீரில் நானூறு எலுமிச்சை மரம் நிற்கிறது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனுஷன். எலுமிச்சையைத்தான் கட்டிக்கொண்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பெயரும் அப்படித்தான் ஒட்டியது.

சொந்த அணையானாலும் அரசாங்கத்துப் பதிவேட்டில் அதற்கு ஒரு வகுப்பு இருக்கவேண்டும். அந்த வகுப்பை அணையின் பலத்தைப் பார்த்துப் போடுகிறார்கள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. உடைந்தால் கீழே என்ன போகும் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். கீழே வீடு இருந்தால் முதல் வகுப்பு. பாலமோ பெரிய ரோடோ இருந்தால் இரண்டாம் வகுப்பு. வெறும் மரமும் மேடும் என்றால் மூன்றாம் வகுப்பு. "ரயிலுக்குத்தாண்டா முதல் வகுப்பு சுகம், அணைக்கு மூணாம் வகுப்புதான் சுகம்" என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மூன்றாம் வகுப்புக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒருத்தர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். முதல் வகுப்பு என்றால் வருடா வருடம் ஆய்வு, அபாயச் சங்கு, கீழே குடியிருக்கிறவர்களின் பெயரும் போன் நம்பரும் எழுதிய பட்டியல். அதற்கெல்லாம் மேலே, மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற கலிங்கை மூன்று மடங்கு அகலமாக்க வேண்டும். அந்த வேலை முடிகிறவரை அணையைக் காலியாக வைக்க வேண்டும். ஒரு கோடை காலியாகக் கிடந்தால் நானூறு மரமும் விறகுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் தங்கையும் அவள் புருஷனும் வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிவந்து, இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார்கள். தங்கையின் புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் எங்கோ ரோட்டில் இருப்பான். அணையின் அந்தக் கோடியில், கரைக்குக் கீழே, பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. நடுவில் ஒரு சுவர் வைத்து, ஒரு ஜன்னல் திறந்து, சமையலுக்கு ஒரு மேடை போட்டு, அதை அவர்களுக்குக் கொடுத்தார். கூடப்பிறந்தவளைத் தெருவில் நிற்க விடுகிற ஆள் இல்லை அவர். வம்பெல்லாம் அந்த நல்ல குணத்தில்தான் ஆரம்பித்தது.

ஆறு மாதத்தில் ஆய்வு வந்தது. படிவத்தில் ஒரு கேள்வி: அணைக்குக் கீழே குடியிருப்பு உண்டா? எலுமிச்சைக்காரர் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கையிடம் வேறு கதை சொன்னார்.

"கொட்டகைல குடியிருக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு பாப்பா. பாத்தா காலி பண்ணச் சொல்லிடுவாங்க. ஜீப் வந்துட்டுப் போற வரைக்கும் மூச்சுக் காட்டாம இரு, போதும்."

அண்ணன் சொன்னால் தங்கைக்கு வேதம். துணிக்கொடியை அவிழ்த்து உள்ளே போட்டாள். ஜன்னலை மறைத்துப் பழப்பெட்டிகளை அடுக்கினாள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருந்தது. அதன் வழியாகக் கையை விட்டு, வெளிப்பக்கத் தாழ்ப்பாளில் பூட்டை மாட்டி அமுக்கக் கற்றுக்கொண்டாள். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிய கொட்டகை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் ஒரு குடும்பத்தையே பழப்பெட்டிக்குப் பின்னால் மறைத்தார்கள்.

இப்படி மூன்று ஆய்வு. இரண்டாவதன்போது தங்கையின் பெண்ணுக்கு இரண்டு வயது. வாயில் சர்க்கரையைப் போட்டுப் போட்டு அடக்கினாள். மூன்றாவது, ஆறு மாதத்துக்கு முன்னால். பெண்ணுக்கு ஆறு வயது, வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு இது ஒரு விளையாட்டு. ஜீப் சத்தம் கேட்டதும் தானே ஓடிப்போய்ப் பெட்டியை நகர்த்துவாள். அந்தத் தடவை வந்த ஆய்வாளர் எதிலும் மூக்கை நுழைக்கிறவர். வாசலில் ஒரு சின்னச் செருப்பைப் பார்த்துவிட்டு நின்றார். எலுமிச்சைக்காரருக்கு ஒரு வினாடி உயிர் போய்விட்டு வந்தது. உடனே சமாளித்து, தானே கதவைத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா? ஐயா வந்திருக்காரு, வெளிய வாங்க!" என்று நாடகக்காரன்போலக் கூவி, ஆய்வாளரைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஆய்வாளரும் சிரித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தங்கையிடம் சொன்னார்: "பாத்தியா, நானே கூப்பிட்டாக்கூட வரக் கூடாது. என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் சரி. ஜீப் போன பெறகுதான்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் கெட்டிக்காரத்தனம் ஒன்பது வருடம் ஓடியது.

இப்போது டம்ளரில் கலங்கல். எலுமிச்சைக்காரர் மேட்டிலிருந்த தன் வீட்டுக்கு ஓடி, அணைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்த குமாஸ்தாவின் குரலில் மூன்று நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

"அணை நம்பர்?"

சொன்னார். விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மூணாம் வகுப்பு. கீழ ஆள் இல்லை."

அது கேள்வியா வெறும் வாசிப்பா என்று தெரியவில்லை. எலுமிச்சைக்காரர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். "குழாய்ப் பக்கம் கலங்கலா வருதுங்க. ஒரு மெஷின் வேணும், ரெண்டு லோடு சரளை வேணும்" என்றார்.

"சார், பதினோரு முதல் வகுப்பு அணை விளிம்பு தட்டி நிக்குது. இருக்கிற ஆளு, மெஷின் அத்தனையும் அங்க. உங்களுது போனா மரம்தானே போகும்? நீங்க மேட்டுல பத்திரமா இருங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க" என்று வைத்துவிட்டார்.

அந்தச் "சரிங்க"வுக்கு அவரைக் கட்டிவைத்து உதைத்தால்கூடப் போதாது. மனசுக்குள் அவர் போட்ட கணக்கு இதுதான்: முதலில் கசிவை அடைத்துவிடலாம். அடைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டாம். தங்கையை இப்போதே கிளப்பினால் ரோட்டில் நிற்பாள், நாலு பேர் பார்ப்பார்கள், எங்கே குடியிருந்தாய் என்று கேட்பார்கள். அடைத்துவிட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆகிவிடும்.

பழம் அனுப்புகிற சாக்குகளில் சரளையை வாரிக் கட்டி, முதுகில் சுமந்து, கரைச் சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கி, கலங்கல் வருகிற வாயைச் சுற்றி அடுக்கினார். ஐம்பத்தெட்டு வயது. ஆறு மூட்டை, பத்து மூட்டை, பதினேழு மூட்டை. ஒரு பக்கம் அடைத்தால் ஒரு முழம் தள்ளி வேறு பக்கம் பீறிட்டது. தொட்டுப் பார்த்தால் கையில் நறநறவென்று மண் நின்றது. அது அவருடைய அணையின் வயிற்றிலிருந்து வருகிற மண். ஒன்பதரை மணிக்கு அந்த வாய் சாப்பாட்டுத் தட்டு அகலம். பத்து மணிக்கு வாளி அகலம். மூட்டைகளை அது ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளியது.

கரைமேல் ஏறி மறுபக்கம் பார்த்தார். நிறைந்து நின்ற தண்ணீரில், குழாய்க்கு நேர் மேலே, ஒரு சுழி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுழி என்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். உள்ளே வழி திறந்துவிட்டது. இனி மூட்டையும் இல்லை, சரளையும் இல்லை.

"பாப்பா!" என்று கத்தினார். அந்தக் கோடியில், கீழே, கொட்டகையின் தகரக் கூரை மழையில் மங்கலாகத் தெரிந்தது. மழைச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

தங்கையின் போனுக்கு அடித்தார். மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. அது செத்துக் கிடந்தது. அவருடைய போனே டிராக்டர் பேட்டரியில் உயிர் வாங்கிக்கொண்டது. வழக்கமாக அவர் தங்கை வீட்டுக்குப் போவது கீழே இருக்கும் ஓடையில் கல் மேல் கல்லாகத் தாண்டித்தான். உட்காரப்போகிற கரைமேல் நடக்கப் பயந்து, அங்கேயே இறங்கிப் போய்ப் பார்த்தார். கலிங்கிலிருந்து விழுந்த வெள்ளம் ஓடையில் மார்பளவு உயரத்துக்குச் சுருட்டிக்கொண்டு போனது. ஒரு கால் வைத்தார். ஓடை அவரைப் புரட்டி ஒரு மரத்தில் மோதியது. கிளையைப் பிடித்து ஏறினார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று ஊராருக்கெல்லாம் வாய்கிழியச் சொல்லுகிற மனுஷன், இப்போது அங்குலம் அங்குலமாகச் செத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"கீழ ஆள் இருக்கு" என்றார்.

"என்ன சார்?"

"கொட்டகைல என் தங்கச்சி இருக்கா. அவ பொண்ணு இருக்கா, ஆறு வயசு. அங்கதான் குடியிருக்காங்க. ஒன்பது வருஷமா. அணை நிக்காதுங்க. ஒரு மணி நேரம்கூட நிக்காது."

குமாஸ்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விசைகள் தட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது. பிறகு, "மெயின் ரோட்டுல ஒரு ஜீப் இருக்கு, இஞ்சினியரம்மா ஒருத்தங்க இருக்காங்க. வயர்லெஸ்ல சொல்றேன். கால் மணி நேரத்துல வந்துடுவாங்க. போனை வைக்காதீங்க" என்றான்.

எலுமிச்சைக்காரர் சேற்றில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில் வந்த அழுகை. ஜீப் வருகிறது, பிழைத்தார்கள். ஜீப் வருகிறது.

ஜீப்.

அந்தச் சொல் அப்போதுதான் அவர் மண்டைக்குள் இறங்கியது. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"ஐயா! ஐயா, கேளுங்க! ஜீப் சத்தம் கேட்டா அவங்க ஒளிஞ்சுக்குவாங்க. கதவு வெளிய பூட்டியிருக்கும். ஆனா உள்ளதான் இருப்பாங்க. கூப்பிட்டா வர மாட்டாங்க. பூட்டை உடைக்கச் சொல்லுங்க!"

"வெளிய பூட்டியிருந்தா உள்ள எப்படி சார் இருப்பாங்க?"

"கையை விட்டுப் பூட்டிக்குவாங்க! நான்தான் சொல்லிக் கொடுத்தேன்! ஓட்டை வழியா..." பேசப் பேச அவருக்கே அது பைத்தியக்காரன் உளறல் மாதிரி கேட்டது.

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றான் குமாஸ்தா. "ஏழு மணிக்குப் பேசினப்ப ஆள் இருக்குன்னு சொல்லலை. இங்க ஸ்கிரீன்ல உங்க கையெழுத்து மூணு இருக்கு, ஆள் இல்லைன்னு. இப்ப ஆள் இருக்கு, பூட்டின வீட்டுக்குள்ள இருக்குங்கறீங்க. நான் எதை நம்பறது? எதுக்கும் சொல்லிப் பாக்கறேன்."

மழைத் திரைக்குப் பின்னால், தோட்டத்து மண்பாதையில், ஜீப்பின் இரண்டு விளக்குகள் தெரிந்தன. கொட்டகை முன்னால் போய் நின்றன. இரண்டு உருவம் இறங்கியது. ஒன்று கதவைத் தட்டியது. மற்றது கொட்டகையைச் சுற்றி வந்தது. ஹாரன் அடித்தார்கள். நீளமாக, மூன்று தடவை. ஒவ்வொரு ஹாரனுக்கும் தங்கை மூச்சை எப்படி அடக்கிக்கொள்வாள், வாண்டின் வாயை எப்படிப் பொத்திக்கொள்வாள் என்று எலுமிச்சைக்காரருக்கு நேரில் பார்க்கிறாற்போலத் தெரிந்தது. ஹாரன் அடிக்க அடிக்க அவர்கள் இன்னும் அமைதியாவார்கள்.

போனில் குமாஸ்தா சொன்னான்: "பூட்டியிருக்காம் சார். ஜன்னல் பூரா பழப்பெட்டியாம். தட்டிப் பாத்துட்டாங்க, ஹாரன் அடிச்சாச்சு, சத்தமே இல்லையாம். முன்னாடியே கிளம்பிப் போயிருப்பாங்க, நல்லதுதானே? ஜீப்பை அடுத்த எடத்துக்கு அனுப்பணும், அங்க முப்பது வீடு இருக்கு."

எலுமிச்சைக்காரர் போனை எங்கே போட்டார் என்று தெரியாது. கரைமேல் ஏறி ஓட ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் போக அது ஒன்றுதான் வழி. இருநூற்றைம்பது தப்படி. நடுவில் கரை ஒரு சாண் உட்கார்ந்துவிட்டது. குறுக்கே ஒரு வெடிப்பு, கை நுழைகிற அகலம். காலுக்குக் கீழே மண் உறுமுவது பாதத்தில் தெரிந்தது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஜீப் பின்பக்கமாக நகர்ந்து திரும்புவதைக் கண் பார்த்துக்கொண்டே இருந்ததால் கால் நிற்கவில்லை. வெடிப்பைத் தாண்டினார். அந்தக் கோடியில் சரிவில் உருண்டு இறங்கி, எழுந்து, கிளம்பிய ஜீப்பின் முன்னால் போய் பானெட்டில் இரண்டு கையாலும் அறைந்தார்.

"வழி விடுங்கய்யா! செத்துப்போவீங்க!" என்று கத்தினாள் இஞ்சினியரம்மா. தலைக்கவசத்துக்குக் கீழே வயசு முப்பது இருக்கும்.

"உள்ள இருக்காங்க! உள்ள இருக்காங்க!"

கதவில் போய் விழுந்தார். "பாப்பா! வெளிய வா! அணை உடையுது!" உள்ளே சத்தம் இல்லை. ஒரு கல்லை எடுத்துப் பூட்டில் அடித்தார். திருடன் தலைகீழாக நின்றாலும் உடைக்க முடியாத பூட்டு வேண்டும் என்று கடைக்காரனிடம் கேட்டு வாங்கியது அவர்தான். கல்தான் உடைந்தது. "வாண்டு! மாமா வந்திருக்கேன் கண்ணு! கதவைத் தொறக்கச் சொல்லு உங்கம்மாகிட்ட!" கெஞ்சினார், திட்டினார், கதவில் தலையை முட்டினார். கொட்டகை அவர் சொல்லிக்கொடுத்தபடி அப்பழுக்கில்லாமல் காலியாக இருந்தது. பின்னால் ஜீப் இரைந்துகொண்டே நின்றது.

"யாரும் இல்லைங்க மேடம்" என்றான் டிரைவர். "இவருக்கு மூளை கலங்கிடுச்சு. பிடிச்சு வண்டில ஏத்துவோம்."

டிரைவரின் கை தோளில் விழுந்தபோதுதான், தங்கையிடம் தான் என்ன சொல்லிவைத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கதவைப் பார்த்துக் கூப்பிட்டு இனி பிரயோஜனம் இல்லை. அவர் குரலையே அவர் செல்லாக்காசாக்கி வைத்திருக்கிறார். எலுமிச்சைக்காரர் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இஞ்சினியரம்மாவைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்:

"நான் பொய் சொன்னேன்! மூணு தடவை பொய்க் கையெழுத்துப் போட்டேன்! இது கொட்டகை இல்லை, வீடு! ஒன்பது வருஷமா என் தங்கச்சி வீடு! நீங்க வந்தா ஒளிஞ்சுக்கச் சொன்னது நான்! கூப்பிட்டாலும் வராதேன்னு சொன்னது நான்! முதல் வகுப்பு ஆயிட்டா தண்ணியைத் திறந்துவிடச் சொல்லுவீங்க, என் மரமெல்லாம் செத்துடும்! அதுக்காக மறைச்சேன்! அணை உடைஞ்சா இங்க ரெண்டு உசுரு போகும்னு தெரிஞ்சுதான் மறைச்சேன்!"

ஜீப் முன்னால் வைத்து அண்ணன் இப்படிச் சொல்வது நாடகத்தில் கிடையாது.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெட்டி நகர்ந்தது. கம்பிகளுக்கு நடுவில் தங்கையின் முகம் தெரிந்தது. இடுப்பில் வாண்டு, தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு.

"அண்ணா? என்ன சொல்றே?"

"சாவியைப் போடு! சாவியைப் போடும்மா!"

துவாரத்தில் சாவியோடு கை வந்தது. டிரைவர் பிடுங்கித் திறந்தான். யார் யாரைத் தூக்கினார்கள், யார் எந்தப் பக்கம் ஏறினார்கள் என்பதெல்லாம் பிறகு யாருக்கும் நினைவில்லை. ஜீப் சேற்றில் சுற்றிச் சுற்றி, பற்றிக்கொண்டு, மேட்டுப் பாதையில் ஏறியது. மேட்டின் உச்சியைத் தொடும்போது பின்னால் பெரிய சத்தமாக ஏதாவது கேட்கும் என்று எலுமிச்சைக்காரர் எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கரையின் நடுப்பகுதி சத்தமில்லாமல் உள்வாங்கி இறங்கியது. பிறகுதான் தண்ணீர் பேசியது. பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் எழுந்து மரங்களை வரிசை வரிசையாக மடக்கிக்கொண்டு வந்தது. கொட்டகை அதன் வழியில் இருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அந்த இடத்தில் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. சில பழப்பெட்டிகள் மட்டும் மிதந்து போயின.

தங்கை அதை முழுசாகப் பார்த்தாள். அழவில்லை. வாண்டு இன்னும் கையை வாயிலிருந்து எடுக்கவில்லை. "பேசலாம்டா கண்ணு, இனிமே பேசலாம்" என்று தங்கை சொன்னாள். வாண்டு இஞ்சினியரம்மாவின் அலுவலகச் சட்டையைப் பார்த்தாள், தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

இஞ்சினியரம்மா வயர்லெஸ்ஸில் பேசி முடித்துவிட்டு வந்தாள். கையில் மழைக்காகிதம் சுற்றிய அட்டை. தங்கை அவளிடம் போய் நின்றாள்.

"மேடம், முதல் வகுப்புன்னு எங்கண்ணன் சொன்னாரே, அப்படின்னா என்ன?"

இஞ்சினியரம்மா எலுமிச்சைக்காரரை ஒருதரம் பார்த்தாள். பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்டவள் நகரவில்லை.

"கீழ குடியிருக்கிறவங்களோட பட்டியல் ஒண்ணு எங்ககிட்ட இருக்கும்மா. பேரு, போன் நம்பர், எத்தனை பேர், எல்லாம். கலங்கல் வந்த உடனே முதல்ல அவங்களைத்தான் கிளப்புவோம். போன் போகலைன்னா ஆள் போகும். காலைல ஏழு மணிக்கே உங்களைக் கூட்டிட்டுப் போயிருப்போம்."

"ஏழு மணிக்கா?"

தங்கை திரும்பி அண்ணனைப் பார்த்தாள். "ஏழு மணிக்கே உனக்குத் தெரியுமா அண்ணா?"

எட்டு மணிக்கு அவள் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்தாள். பத்து மணிக்கு, மழை விட்டால் மாமாவுக்கும் சேர்த்துச் சமைக்கலாம் என்று வாண்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம். எலுமிச்சைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் அந்த மூன்று மணி நேரமும் தங்கையின் கண்ணில் ஒவ்வொன்றாகத் திறப்பதை அவர் பார்த்தார். அடைக்கத்தான் பார்த்தேன், பதினேழு மூட்டை சுமந்தேன் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அதற்குமேல் எழவில்லை. அவமானம் மனுஷனைக் கொல்லும் என்றால் அவர் அங்கேயே செத்திருக்க வேண்டும்.

"எழுதிக்கங்க மேடம்" என்றாள் தங்கை.

"எதை?"

"எங்க பேரை. அந்தப் பட்டியல்ல."

"அணையே போயிடுச்சேம்மா. இனிமே பட்டியல் எதுக்கு?"

"பரவாயில்லை. எழுதுங்க. நாங்க அங்க இருந்தோம்னு எங்கேயாவது இருக்கட்டும்."

இஞ்சினியரம்மா அட்டையைப் பிரித்து, தன் உடம்பால் மழையை மறைத்துக்கொண்டு எழுதினாள். தங்கை தன் பெயரைச் சொன்னாள், புருஷன் பெயரைச் சொன்னாள், பெண்ணின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். உரிமையாளர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் எலுமிச்சைக்காரர் போட்டார். விரலில் இருந்த சேறு காகிதத்தில் ஒட்டியது.

"இவங்களை எங்க விடறது மேடம்?" என்றான் டிரைவர். "நமக்கு நேரமாச்சு."

இஞ்சினியரம்மா தங்கையைக் கேட்டாள்: "பக்கத்துல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா? அங்க கொண்டுபோய் விட்டுடறோம்."

எலுமிச்சைக்காரர் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்துக் கோடியில் அவருடைய மேட்டு வீடு அப்படியே நின்றது. சுற்று ரோடு வழியாகப் போனால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். அதைச் சொல்ல அவர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

தங்கை அவரைப் பார்த்தாள்.

"யாரும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி, பெண்ணை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.